இரண்டாவது மிதியில் பிடிக்கிற பிரேக்: ஆக்டிங் டிரைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆக்டிங் டிரைவர் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

மேட்டுப்பாளையத்தில் பிரேக் வேலை பார்க்கும் பட்டறைக்காரன் எழுதுகிறேன். ஊட்டிக்கு ஏறப்போகிற வண்டிகளும், புகைந்துகொண்டு இறங்கிவந்த வண்டிகளும்தான் என் பிழைப்பு. அவற்றை ஓட்டி வருகிறவர்களில் உங்களைப் போன்றவர்களை நிறையப் பார்க்கிறேன். முன்பின் பார்க்காத வண்டி, விடியற்காலை நாலு மணிக்குக் கைக்கு வரும் சாவி, பின்சீட்டில் தூங்கி வழியும் குடும்பம், போகவேண்டிய இடம் மலை. உங்கள் தொழில் இப்படித்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல் ஓனர்களுக்கு இல்லாமல் உங்களுக்கு.

ஓனரின் கால் பழகிய கால். பிரேக் மிதி ஒரே நாளில் கெடுவதில்லை. மாதத்துக்குக் கொஞ்சமாகக் கீழே இறங்கும், அல்லது கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்படும். அவர் காலும் அதற்கேற்ப அழுத்திப் பழகிவிடும். ‘பிரேக் எப்படி இருக்குங்க?’ என்று கேட்டால் ‘சூப்பரா இருக்கு’ என்பார். பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. நேற்று வேறொரு வண்டி, முந்தாநாள் இன்னொரு வண்டி ஓட்டிவிட்டு வருகிற உங்கள் காலுக்கு அது முதல் மிதியிலேயே தெரிந்துவிடும். எந்த வண்டியைக் கொடுத்தாலும், என் பட்டறையில் இருக்கிற எந்தக் கருவியையும்விட உங்கள் கால் சீக்கிரம் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்த பிறகு ‘இந்த வண்டி அப்படித்தான் போல’ என்று விட்டுவிடுகிறீர்கள் பாருங்கள், என் சண்டை அதோடுதான்.

விட்டுவிடுவதற்குச் சட்டத்திலும் இடமில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 190-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஆபத்து விளைவிக்கக்கூடிய குறையோடு ஒரு வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுகிறவர், ஓட்டச் செய்கிறவர், ஓட்ட விடுகிறவர் எல்லோரையும் அது பிடிக்கிறது. குறை உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாலே போதும். ‘என் வண்டி இல்லைங்க சார், நான் ஆக்டிங்’ என்பது அங்கே எடுபடாது. விபத்து நடந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 281-ஆவது பிரிவில் முதலில் வழக்குப் பாய்வதும் ஸ்டியரிங் பிடித்தவர் மேல்தான்.

சரி, சாவி வாங்கியதும் என்ன செய்யலாம்? இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். சீட்டை உங்கள் உயரத்துக்குத் தள்ளிக்கொண்டு மிதியை நாலைந்து முறை நன்றாக மிதியுங்கள். பூஸ்டருக்குள் மிச்சமிருக்கும் வேக்குவம் தீர்ந்து மிதி கெட்டியாகும். இப்போது காலை மிதியிலேயே வைத்து, மிதமான அழுத்தத்தில் அரை நிமிடம் பிடியுங்கள். நின்ற இடத்தில் நிற்கவேண்டும். காலை எடுக்காமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி காலடியில் ஒரு விரல் அளவு இறங்கி அங்கேயே நின்றால் பூஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். டேஷ்போர்டில் வெளிச்சம் போட்டு வித்தை காட்டும் புது வண்டியாக இருந்தாலும் சரி, பதினைந்து வருஷத்து வண்டியாக இருந்தாலும் சரி, வேக்குவம் பூஸ்டர் உள்ள எல்லாவற்றுக்கும் இதே பரீட்சைதான். ஓனர் பையை டிக்கியில் வைத்து முடிப்பதற்குள் முடிந்துவிடும்.

அந்த அரை நிமிடத்தில் மிதி நிற்காமல் மெதுவாக, வழுக்கிக்கொண்டு போவதைப்போல் கீழே இறங்கினால், எனக்குத் தெரிந்த பிரேக் கோளாறுகளில் மோசமானது அதுதான். எங்காவது ஆயில் கசிகிறது. அல்லது கசிவே இல்லாமல் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்து, முன்னால் தள்ளவேண்டிய ஆயிலைப் பின்னால் விடுகிறது. இரண்டாவதில் ஒரு சூது இருக்கிறது. ஓங்கி மிதித்தால் ரப்பரின் விளிம்பு விரிந்து சிலிண்டர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், மிதி நிற்கும். சிக்னலில் மெதுவாகக் காலை வைத்துக் காத்திருக்கும்போதுதான் இறங்கும். ‘ஓங்கி அடிச்சா நல்லாப் பிடிக்குதுங்க’ என்று சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் ஓடும் வண்டிகள் இருக்கின்றன. அதனால்தான் பரீட்சையை மிதமான அழுத்தத்தில் செய்யச் சொன்னேன்.

ஆயில் டப்பாவில் அளவு குறைந்திருந்தால் உடனே கசிவு என்று முடிவு கட்டவேண்டாம். பேட் தேயத் தேயக் காலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும், டப்பாவில் அளவு இறங்கும். பேட் புதிதாக இருந்தும் அளவு குறைகிறதென்றால்தான் தேடவேண்டும். நான்கு சக்கரத்தின் உட்பக்கமும் டயரில் ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பின்சக்கர டிரம்முக்குள் வீல் சிலிண்டர் கசிந்தால் பின்தட்டின் கீழ்விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கோடு மண் அப்பியிருக்கும். எங்குமே ஈரம் இல்லை, ஆனால் ஆயில் காணாமல் போகிறதா? மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் வழியாகப் பூஸ்டருக்குள் போய்க்கொண்டிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சொட்டும் தெரியாது.

இந்த இடத்தில் சிவப்பு விளக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் போட்டால் எரிகிற அதே விளக்குதான் ஆயில் குறைந்தாலும் எரியும். ஹேண்ட் பிரேக்கை முழுதாக இறக்கிய பிறகும் வளைவில் திரும்பும்போதோ பிரேக் பிடிக்கும்போதோ அது கண் சிமிட்டினால், டப்பாவில் ஆயில் அளவு எல்லைக்கோட்டில் தளும்புகிறது என்று பொருள். லிவரைத் தட்டிவிட்டு ‘சுவிட்ச் லூசுங்க’ என்று சொல்லிக்கொண்டு போகாதீர்கள்.

இனி தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வண்டி வந்தது. ஓட்டிவந்த பையன் ரொம்ப நிதானமானவன். டீ குடிக்க நிறுத்திய இடத்திலிருந்து நடந்து வந்து கேட்டான்: ‘ஏனுங்கண்ணா, மொத மிதில பாதிக்கு மேல உள்ள போவுதுங். ரெண்டாவது மிதில மேல வந்துருது. மலைக்குப் போலாமுங்களா?’ மிதித்துப் பார்த்தேன், அவன் சொன்னது அப்படியே இருந்தது. ஹேண்ட் பிரேக் லிவரை இழுத்தேன், கிட்டத்தட்ட நெட்டுக்குத்தலாக நின்றது. பின்சக்கர டிரம்மைக் கழற்றினோம். உள்ளே கறுப்புத் தூள் கொட்டியது. ஷூவின் லைனிங் தகடாகத் தேய்ந்திருக்க, தேய்மானத்துக்குத் தகுந்தபடி ஷூவை வெளியே தள்ளவேண்டிய அட்ஜஸ்டரின் பல்சக்கரம் துருப்பிடித்துத் திரும்பாமல் கிடந்தது. முதல் மிதி முழுவதும் ஷூவை டிரம்வரை கொண்டுபோகவே செலவாகிவிடுகிறது. இரண்டாவது மிதியில்தான் பிரேக் பிடிக்கிறது. முன்பக்க பேட் மாற்றி மாசம்கூட ஆகவில்லை என்று ஓனர் சத்தியம் செய்தார். உண்மைதான், பின்டிரம்மை யாரும் திறக்கவில்லை. நம் ஊர்ச் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் டிரம்தான். வருஷக்கணக்கில் திறக்கப்படாமல் இருப்பதும் அதுதான்.

இரண்டு மிதி மிதித்து ஓட்டுவதை ஒரு திறமையாகவே சிலர் சொல்லிக்கொள்கிறார்கள். பழைய அம்பாசடர் ஓட்டிய பெரியவர்களிடமிருந்து வந்த பழக்கம் அது. அவசரத்தில் எதிரே ஒரு குழந்தை ஓடிவந்தால் இரண்டாவது மிதிக்கு நேரம் இருக்காது. அதுவும் இல்லாமல், பம்ப் அடித்தால் மிதி மேலே வருவது கோளாறு எங்கே என்று சொல்லும் தகவல். பம்ப் அடித்து மேலே வந்து கெட்டியாக நின்றால் ஷூ இடைவெளி. மேலே வந்தும் பஞ்சு போல் அமுங்கினால் லைனில் காற்று. மேலே வந்து மறுபடி இறங்கினால் கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டர். மெக்கானிக்கிடம் ‘பிரேக் பத்தலைங்க’ என்று மட்டும் சொன்னால் அவர் பேட்டை மாற்றிவிட்டுக் காசு வாங்கிக்கொள்வார். இந்த மூன்றில் எது என்று சொல்லிப் பாருங்கள், வேலை பாதியாகக் குறையும்.

காற்று எப்படி உள்ளே போகிறது? யாராவது லைனைக் கழற்றி மாட்டியிருப்பார்கள், டப்பா ஒருமுறை காலியாகியிருக்கும். ஏர் எடுத்தால் சரியாகிவிடும். ஆனால் பழைய மாஸ்டர் சிலிண்டரில் ஏர் எடுக்கும்போது மிதியைத் தரைவரை அமுக்கக்கூடாது. பிஸ்டன் தினமும் போகாத தூரத்தில் சிலிண்டர் சுவர் துருவும் பிசுக்குமாக இருக்கும், ரப்பர் அதில் உரசிக் கிழியும். காலையில் ஏர் எடுத்த வண்டி மாலையில் மிதி இறங்குகிறது என்று திரும்பி வந்தால் பாதி நேரம் இதுதான் காரணம். மிதிக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு எடுக்கிற மெக்கானிக்கைக் கண்டால் அவரை விட்டுவிடாதீர்கள். ஏ.பி.எஸ். உள்ள சில வண்டிகளில் ஸ்கேனர் மாட்டினால்தான் அந்த யூனிட்டுக்குள் சிக்கிய காற்று வெளியே வரும். அந்த வேலையை மரத்தடியில் செய்யமுடியாது.

மலைக்குப் போகும் வண்டிக்கு இதைவிட முக்கியமானது ஆயிலின் வயசு. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரவிதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அதே ஆயிலுக்கு விதி கேட்பது 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, ஈரமேறினால் 155. மூடியிலேயே எந்த ரகம் என்று அச்சடித்திருக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றவேண்டும் என்று பல கம்பெனிகளின் கையேடுகள் சொல்கின்றன. டப்பாவைத் திறந்து பாருங்கள், டீ டிக்காஷன் நிறத்தில் இருந்தால் அது வெகுநாளாக மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: பாதி தீர்ந்த பாட்டிலை அடுத்த வருஷத்துக்கென்று அலமாரியில் வைப்பது வீண், மூடி திறந்த அன்றே அது ஈரம் குடிக்க ஆரம்பித்துவிட்டது.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். மேட்டுப்பாளையம் அதற்கு ஏறத்தாழ 1,900 மீட்டர் கீழே. ஆள், சாமான் எல்லாம் சேர்த்து இரண்டு டன் எடையுள்ள வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது அது இழக்கும் சக்தியைக் கணக்குப் போட்டால், நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அதில் ஒரு பங்கைத்தான் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மீதியை இன்ஜின் வாங்கவேண்டும், இல்லாவிட்டால் பிரேக் வாங்கவேண்டும். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறவர் அத்தனை சூட்டையும் நாலு சக்கரத்துக்குள் திணிக்கிறார். (மிச்சமும் பெரிதாக இல்லை. இன்றைய இன்ஜின்கள் கியரில் இறங்கும்போது டீசலே குடிப்பதில்லை, நியூட்ரலில்தான் குடிக்கும்.) எந்த கியரில் ஏறுமோ அந்த கியரில் இறக்குங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் ‘டி’யிலேயே விட்டுவிடாமல் ‘எல்’, ‘2’ அல்லது மேனுவல் மோடுக்குப் போங்கள். பல ஹைபிரிட்டுகளில் அதற்கென்றே ‘B’ இருக்கும் (பார்க்கிங் ‘P’ இல்லை). மின்சாரக் கார் வந்தால் ஒரு விஷயம் கவனியுங்கள்: மலை உச்சியில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கினால், பேட்டரியில் இடமில்லாததால் ரீஜென் பிரேக் சரியாக வேலை செய்யாது. அந்த வேலை முழுவதும் பேட் தலையில் விழும்.

இறக்கத்தில் பிரேக் குறைவது இரண்டு விதம், இரண்டையும் கால்தான் பிரித்துச் சொல்லும். பேட் சூடேறி வழுக்கும்போது மிதி உயரத்தில் கெட்டியாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது, கருகல் வாடை வரும். ஆயில் கொதித்துவிட்டால் லைனில் ஆவி நிரம்பி மிதி தரைக்குப் போகும். முதலாவதில் ஓரங்கட்டி ஆறவிட்டால் பிழைக்கலாம். இரண்டாவதில், ஆறிய பிறகு மிதி பழையபடி வந்துவிட்டாலும் நம்பக்கூடாது. அதே ஆயில் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். ஆறவிடும்போது தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிவிடும். வண்டியை கியரில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை நம்பாமல் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரம் போடுங்கள் சாமி, பின்னால் வரும் இரு சக்கர வண்டிக்காரர் உங்கள் பிள்ளை மாதிரி.

கோடை சீசனில் போலீஸ் ஏறுவதற்குக் குன்னூர் வழியும் இறங்குவதற்குக் கோத்தகிரி வழியுமாக மாற்றிவிடுவார்கள், நீங்கள் பழகிய வழியில் இறங்கக் கிடைக்காது. ஊட்டியிலிருந்து இறங்கும் கல்லட்டி வழி 36 கொண்டை ஊசி வளைவு. வெளியூர் வண்டிகள் அதில் இறங்கக்கூடாது என்று தடை போட்டிருப்பதற்குக் காரணம் அங்கே உருண்ட வண்டிகள்தான். கூகுள் அந்த வழியைக் காட்டினாலும் போகாதீர்கள்.

இன்ஜின் ஓடும்போதும் மிதி கல் மாதிரி கெட்டியாக இருந்தால் கோளாறு பெரும்பாலும் ஆயில் பக்கம் இல்லை, பூஸ்டர் பக்கம். வேக்குவம் ஹோஸ் வெடித்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம், ஒருவழி வால்வு போயிருக்கலாம், டீசல் வண்டி என்றால் வேக்குவம் பம்ப் பலவீனமாகியிருக்கலாம். மிதிக்கும்போது காலடியில் ‘உஸ்ஸ்’ என்று விடாமல் சத்தம் வந்தால் பூஸ்டரின் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். நல்ல வண்டியிலேயே ஊட்டியில் மிதி கொஞ்சம் கெட்டியாகத் தெரியும். பூஸ்டருக்குப் பலம் கொடுப்பது வெளிக்காற்றின் அழுத்தம், அங்கே அது கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். ஏற்கெனவே பாதி உயிரோடு இருக்கும் பூஸ்டர் மேலே போனதும் முழுதாகவே கைவிடலாம். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குகிறவர்களுக்கு இரண்டு மூன்று மிதிக்கு மேல் பூஸ்டர் உதவி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

மிதி அதிர்ந்தால் டிஸ்க் கோணல் அல்லது தடிமன் ஏற்றத்தாழ்வு. ஈரச் சாலையில் சடாரென்று பிடிக்கும்போது மட்டும் கடகடவென்று உதைத்தால் அது ஏ.பி.எஸ். தன் வேலையைச் செய்வது, பயந்து காலை எடுக்காதீர்கள். காலடியில் கிடக்கும் தண்ணீர் பாட்டில், கொக்கி மாட்டாத ரப்பர் மேட் இரண்டையும் கிளம்புமுன் பின்னால் தள்ளுங்கள்.

அவசரத்தில் மிதி தரைக்குப் போய்விட்டால் மட்டும் பம்ப் அடியுங்கள், வேகமாக, விடாமல். கூடவே கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கைச் சட்டென்று இழுக்காமல் படிப்படியாக இழுங்கள். பட்டன் வகை பார்க்கிங் பிரேக் என்றால், பெரும்பாலான வண்டிகளில் அதை விடாமல் இழுத்துப் பிடித்திருந்தால் வண்டி நிற்கும். பள்ளம் இருக்கும் பக்கத்தை விட்டு, மலைச்சரிவு இருக்கும் பக்கம் ஒதுங்கி உரசுங்கள். பெயின்ட் போனால் அடித்துக்கொள்ளலாம்.

வழியில் செய்யப்படும் சில வைத்தியங்களை அனுமதிக்கவே கூடாது. கசிகிற ஒரு சக்கரத்தின் டியூபை நசுக்கி அடைத்து ‘மூணு வீல் பிரேக்ல போயிருங்க’ என்று அனுப்புவார்கள். சமதளத்தில் பட்டறைவரை நகர்த்துவதற்குக்கூட எனக்கு அதில் சம்மதமில்லை. அதைவிடக் கொடுமை, பிரேக் ஆயில் கிடைக்கவில்லை என்று பவர் ஸ்டியரிங் ஆயிலையோ இன்ஜின் ஆயிலையோ டப்பாவில் ஊற்றுவது. பிரேக்கில் இருக்கும் ரப்பர் அந்த ஆயிலில் ஊறி உப்பும். முதலில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும், பிறகு பிடிக்கவே பிடிக்காது. டப்பா மூடியின் ரப்பர் உப்பி, மூடி பொருந்தாமல் நின்றால் யாரோ அந்தக் காரியத்தைச் செய்திருக்கிறார்கள். அப்புறம் மாஸ்டர் சிலிண்டர் முதல் வீல் சிலிண்டர் வரை ரப்பர் பட்ட எல்லாவற்றையும் மாற்றவேண்டும். ஓனர் அழுவார், அதற்கு நாம் ஒன்றும் செய்யமுடியாது.

ஓனரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறீர்கள், தெரிகிறது. ‘வண்டியில குறை சொல்றான்’ என்று அடுத்தமுறை கூப்பிடமாட்டார்கள் என்ற பயம் நியாயமானதுதான். வாயால் சொல்லாமல் காட்டிவிடுங்கள். அவரையே சீட்டில் உட்காரவைத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் நாலு மிதி மிதித்து அரை நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். தன் காலடியில் மிதி இறங்குவதைப் பார்த்த பிறகு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்பும் ஓனரை நான் பார்த்ததில்லை. அதற்கும் அசையாத ஒருவர் இருந்தால் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், ஒரு நாள் பேட்டா போகட்டும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் டூட்டி போடும்போது வண்டி மாடல், மேனுவலா ஆட்டோமேட்டிக்கா, எந்த ஊர், எத்தனை நாள், எவ்வளவு பேட்டா என்று எழுதுகிறீர்கள். மலை டூட்டி என்றால் அதோடு ஒரு வரி சேருங்கள்: ‘பிரேக் ஆயில் கடைசியா எப்ப மாத்துனது?’ பதில் சொல்லத் தெரியாத ஓனரின் வண்டியை, மலை தொடங்கும் கல்லாறு தாண்டுவதற்கு முன் ஏதாவது ஒரு பட்டறையில் நிறுத்துங்கள். என் பட்டறையாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை.

இப்படிக்கு,
மேட்டுப்பாளையம் பிரேக்காரன்